பால் ஈஸ்டில் நான்கு புள்ளிகள்

தங்கை விடுப்பில் போய் இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஈஸ்ட் வளர்க்கும் பெட்டியில் அவள் தட்டுகள் அப்படியே கிடந்தன. பொறுப்பு என்றால் கிலோ என்ன விலை என்று கேட்பவள். அவளை இந்த ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதை.

எங்கள் இருவருக்கும் ஒரே வேலை. ரொட்டிக்குப் போடும் ஈஸ்டில் செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாவின் டிஎன்ஏவை மருந்து போட்டு அழித்தாலும் அது சாகாது. சர்க்கரை இருந்தால் போதும், குட்டிக் குட்டிப் புள்ளிகளாக வளரும். பாலில் வளரும் ஈஸ்ட் அப்படியல்ல. அந்த டிஎன்ஏ போனால் உயிரும் போகும். அதிலும் தப்பிப் பிழைக்கும் ஒன்றைக் காட்டுபவருக்குத்தான் இங்கே இருக்கும் ஒரே நிரந்தர வேலை என்று ஆய்வகத் தலைவர் சொல்லிவிட்டார். மூன்று வருடமாக முட்டி மோதுகிறேன்.

திட்டிக்கொண்டே அவள் தட்டுகளைக் குப்பையில் போட எடுத்தேன். பால் ஈஸ்ட் தட்டில் குண்டூசித் தலையளவு நான்கு புள்ளிகள்.

கலப்படமாகத்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். டிஎன்ஏவை மின்னவைக்கும் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தேன். உட்கரு மட்டும் மின்னியது. சுற்றிலும் இருக்க வேண்டிய மைட்டோகாண்டிரியப் பொட்டுகள் இல்லை. ரொட்டி ஈஸ்ட் புகுந்திருக்குமோ என்று மரபணுச் சோதனையும் செய்தேன். மறுநாள் முடிவு வந்தது. சுத்தமான பால் ஈஸ்ட்.

அப்போதுதான் உறைத்தது. ரொட்டி ஈஸ்ட் நாலைந்து நாளில் முளைத்துவிடும், அதில் பழகிய கை. ஐந்தாம் நாளே என் தட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடுவேன். எத்தனை தட்டில் இது முளைக்கவிருந்ததோ. அவள் மறந்துபோனாள், முளைத்துவிட்டது. சோம்பேறிக்கு வந்த வாழ்வைப் பார். வயிறு பற்றி எரிந்தது.

கைபேசி அடித்தது. அவள்தான்.

"அக்கா, தட்டெல்லாம் எடுக்காம வந்துட்டேன். திட்டாத. நீயே குப்பையில போட்டுடேன்."

அவளே போடச் சொல்கிறாள். தட்டு என் கையில் இருந்தது. போட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

"என்னக்கா, போட்டுட்டியா?"

"போடல. உன் பால் ஈஸ்ட்ல நாலு முளைச்சிருக்கு."

"கலப்படமா இருக்கும். போடு."

"ரெண்டு சோதனை பண்ணிட்டேன். கலப்படம் இல்ல. மூணு வருஷமா நான் உயிரைக் குடுக்கறேன், உனக்கு வந்து முளைக்குது. வயிறு எரியுதுடி எனக்கு."



"நெஜமாவே எரியுதா?"

"எரியுது."

"அப்ப நெஜமாத்தான் முளைச்சிருக்கு," என்றவள் அழத் தொடங்கினாள்.

நான் தட்டைப் பெட்டிக்குள் வைத்து மூடினேன்.