உட்கார்ந்தபடியே வந்தவர்

இரண்டாவது டீயையும் காளியம்மாளே குடித்தாள்.

முதல் டீ அவளுக்கு வந்தது. இரண்டாவது அவள் புருஷன் ஐயாவுக்கு என்று அகிலாண்டம் வேன் ஜன்னல் வழியாக நீட்டியது. தொட்டியத்தில் ஒரு டீக்கடை வாசலில் வேன் நின்றிருந்தது. ஆடிக் காற்றோடு சாரலும் சேர்ந்துகொண்டதால் எல்லோரும் கடைக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். அகிலாண்டம் மட்டும் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கடைக்கும் வேனுக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். அடுத்த வீட்டுக்காரி. யாரும் பட்டினியாகவும் இருக்கக் கூடாது, சும்மாவும் இருக்கக் கூடாது அவளுக்கு.

"அண்ணன் குடிச்சிட்டாராக்கா?"

"ம். குடிச்சிட்டாரு."

"அதுக்குள்ள மறுபடியும் தூக்கமா? நேத்து அருவியில எண்ணெ தேச்சு விட்டவன் நல்லாத்தான் அமுக்கியிருக்கான்."

"ராத்திரியெல்லாம் இருமல். தூங்கட்டும், விடு."

காலி டம்ளரை வாங்கிக்கொண்டு அகிலாண்டம் போனாள். ஐயாவு இறந்து அப்போது அரைமணி நேரம் ஆகியிருந்தது.

மேட்டூரிலிருந்து விடியும் முன்பே கிளம்பியாயிற்று. நாமக்கல்லைத் தாண்டும்போது, "நெஞ்சு கரிக்குது" என்றார். நேற்றும் அதையேதான் சொன்னார், ஒரு சோடா குடித்ததும் சரியாகிவிட்டது. "கொஞ்சம் கண்ணசர்றேன், ஊரு வந்தா எழுப்பு" என்று அவள் தோளில் சாய்ந்தார். நாலு பேர் பார்க்கும் இடத்தில் பெண்டாட்டி மேல் சாய்கிற ஆளில்லை அவர். காளியம்மாளுக்குக் கூச்சமாகக்கூட இருந்தது. பிறகு நீளமாக ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்காக அவள் காத்திருந்தாள். ஒரு மைல் கல் போயிற்று, இன்னொரு மைல் கல்லும் போயிற்று.

கத்துவதற்கு வாயைத் திறந்தவள்தான். கண்ணுசாமியின் நினைப்பு வந்து வாயை மூடிக்கொண்டாள்.

கண்ணுசாமி அவளுடைய அண்ணன். ஆறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தான். வெளியில் போன உயிரின் உடம்பு வீட்டுக்குள் நுழையக் கூடாது என்பது தெருவின் வழக்கம். நாட்டாமை வைரக்கண்ணு குறுக்கே நின்று கறாராகச் சொல்லிவிட்டார். நடுத்தெருவில் நாலு கம்பு நட்டு, மேலே இரண்டு கீற்றைப் போட்டு, அதன் கீழே கிடத்தினார்கள். அன்றைக்குப் பார்த்து மழை. பத்தடி தூரத்தில் அவன் வீடு, உள்ளே விளக்கு எரிகிறது, ஓலைப் படல் திறந்து கிடக்கிறது. அவன் மட்டும் விடிய விடிய வெளியே நனைந்துகொண்டு கிடந்தான். அந்த அழுகையைக் காளியம்மாள் இன்னும் அழுது முடிக்கவில்லை.

ஐயாவை அப்படிப் போட அவளுக்கு மனசு வரவில்லை. அந்த வீட்டைச் சும்மா கட்டவில்லை அவர்.

குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சட்டம் வந்த வருஷம், பண்ணை பஞ்சநதம் ஆள் வைத்து நாற்பது குடிசையையும் பிரித்துப் போட்டார். குடிசை இருந்தால்தானே குடியிருப்பு! ஐயாவு மறுபடியும் கட்டினார். மறுபடியும் பிரித்தார்கள். அந்தத் தடவை ஐப்பசி அடைமழை, கைப்பிள்ளைக்குக் காய்ச்சல் வேறு. சாக்கைப் பிள்ளைமேல் போர்த்திக்கொண்டு இரண்டு பேரும் அதே இடத்தில் நின்றார்கள். நகர்ந்தால் இடம் போய்விடும் என்று நகரவேயில்லை. மூன்று தடவை பிரித்தார்கள், நாலு தடவை கட்டினார். வழக்கு ஒன்பது வருஷம் இழுத்தது. கடைசியில் போன தை மாசம் பட்டா வந்தது. மண்சுவரை உயர்த்தி, வேப்பமரத்தில் நிலை செய்து, கதவு போட்டார். அதுவரைக்கும் அந்தத் தெருவில் எவனுக்கும் கதவு கிடையாது, படல்தான். கதவு மாட்டிய அன்றைக்கு உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டார்.

"உள்ள என்ன பண்றீங்க?" என்று இவள் தட்டினாள்.

"ஒண்ணும் பண்ணல. சும்மா இருக்கேன்."

கால்மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. புது மரத்தூசி பட்டுவிட்டது என்றார்.

அந்த மனுஷன் தன் வீட்டுக்கு வெளியே கிடக்கக் கூடாது. உள்ளே போய்த்தான் இவர் சாக வேண்டும். அதுவரைக்கும் இவர் தூங்குகிறார், அவ்வளவுதான். காளியம்மாள் அவருடைய துண்டை எடுத்து, குளிருக்குக் கட்டுவதுபோல் தாடையோடு சேர்த்துக் காதை மூடிக் கட்டினாள். கண்ணை மூடிவிட்டாள். ஜன்னல் கண்ணாடியை இழுத்துச் சாத்தினாள். எல்லாம் பழகின வேலைபோல வந்தது. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

வேன் கிளம்பியது. காவிரி ஒரு பக்கமாகக் கூடவே வந்தது, செக்கச் செவேலென்று புதுத் தண்ணீர். பின் வரிசையில் சீட்டாட்டம். இந்தப் பயணத்துக்கு ஏற்பாடு செய்த தியாகேசன், வருஷா வருஷம் ஆடியில் தெருக்காரர்களைத் திரட்டி வேன் பிடிக்கிற பையன். இந்தத் தடவை சமயபுரம், பவானி கூடுதுறை, ஒகேனக்கல் அருவி, மேட்டூர் அணை என்று பட்டியல் போட்டிருந்தான். ஐயாவு வருகிறேன் என்றதே அணைக்காகத்தான். "கோயிலெல்லாம் நீ பாரு. எனக்கு அணை போதும்" என்றார்.

நேற்று அணையில் காவல்காரரிடம் போய்க் கேட்டார்: "இங்க தொறந்தா எங்க ஊருக்கு வர எத்தினி நாளுங்க ஆகும்?"

"எந்த ஊரு?"

சொன்னார். காவல்காரருக்குத் தெரியவில்லை. நன்னிலம் பக்கம் என்றார். அதுவும் தெரியவில்லை. ஐயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பாத்தியா காளி, ஊரு எங்க இருக்குன்னே தெரியாதவன்கிட்டதான் நம்ம சாவி இருக்கு." படி ஏறி இறங்குவதற்குள் நாலு தடவை அதையே சொல்லிச் சிரித்தார். மூச்சு வாங்கியதைச் சிரிப்பென்று அவள் நினைத்துவிட்டாள். நினைக்கலாமா? முப்பது வருஷம் கூட இருந்தவளுக்குச் சிரிப்புக்கும் மூச்சிரைப்புக்கும் வித்தியாசம் தெரிய வேண்டாமா?

திருவையாற்றில் வேன் நின்றது. ஐயாறப்பர் கோயில் ஒன்றுதான் பாக்கி.

"மாமா, எந்திரிங்க மாமா. பன்னெண்டு மணிக்கு நடை சாத்திடுவாங்க" என்று தியாகேசன் தோளைத் தொட வந்தான்.

"தொடாத!" என்றாள். சத்தம் அவளுக்கே அதிகமாகப் பட்டது. "மேலு காயுதுப்பா. இப்பத்தான் அசந்திருக்காரு. நீங்க போயிட்டு வாங்க, நான் இருக்கேன்."

எல்லோரும் காலைக் கழுவிக்கொண்டு கோயிலுக்குள் போனார்கள். மூன்று மணி நேரமாகப் பிணத்தோடு உட்கார்ந்து வந்தவர்கள், தெரியாமல் தீட்டோடு போகிறார்கள். காளியம்மாள் கோபுரத்தைப் பார்த்தாள். அந்தப் பாவம் அவங்களுக்கு வேண்டாம், என் தலையில போடு என்றாள். கும்பிட வலது கைதான் இருந்தது. இடது கை அவர் பாரத்தில் மரத்துப்போய்க் கிடந்தது.

டிரைவர் ரெத்தினம் இறங்கவில்லை. பீடியைப் பற்றவைக்காமலே விரலில் உருட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமல் கேட்டான்.

"எப்பம்மா?"

மழுப்பலாம் என்று ஒரு நிமிஷம் பார்த்தாள். முடியவில்லை.

"நாமக்கல் தாண்டி."

"கண்ணாடியில பாத்துக்கிட்டேதான் வரேன். முசிறியில வண்டி பள்ளத்துல விழுந்து எந்திரிச்சப்ப அத்தினி பேரும் என்னைத் திட்டுனாங்க. அவரு மட்டும் ஒண்ணும் சொல்லல."

"எறக்கி விட்டுடாதப்பா. வீட்டுக்குள்ள கொண்டுபோயிடறேன். அது மட்டுந்தான்."

அவன் பீடியைப் பற்றவைத்தான். இரண்டு இழுப்பு இழுத்தான்.

"வண்டி என்னுதில்லம்மா. சரி, அதை விடுங்க. ஆனா நீங்க படுக்க வச்சிருக்கணும். உக்காந்த வாக்குல வெறைச்சுப் போச்சுன்னா அப்பறம் நீட்ட முடியாது. வீட்டு வாசல்ல எறக்கும்போது எல்லாருக்கும் தெரிஞ்சுபோயிரும்."

அவள் ஐயாவின் கையைப் பிடித்து மடக்கிய விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. முழங்கையை இழுத்துப் பார்த்தாள். அதுவும் இறுகிவிட்டது. கண்ணை மூடத் தெரிந்தது, தாடையைக் கட்டத் தெரிந்தது. இது மட்டும் அவளுக்குத் தோன்றவேயில்லை. எத்தனையோ சாவுக்குப் போயிருக்கிறாள், எல்லாரும் படுத்துக்கொண்டுதான் செத்திருந்தார்கள்.

அகிலாண்டம் திருநீறு கொண்டுவந்தாள். காளியம்மாள் உள்ளங்கையை நீட்டி வாங்கி, தானே அவர் நெற்றியில் பூசினாள். நெற்றி ஆற்று மணல்போல் குளிர்ந்திருந்தது.

கும்பகோணத்தில் கடைத்தெரு பார்க்க வேண்டும் என்று பெண்கள் ஒரே பிடிவாதம். "வண்டியை நிறுத்துனா திருப்பிக் கெளம்பாது, நீங்கதான் தள்ளணும்" என்று சொல்லிவிட்டு ரெத்தினம் நிற்காமல் ஓட்டினான். வயிற்றெரிச்சலோடு அவனை வைதுகொண்டே வந்தார்கள். அவன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான். காளியம்மாளுக்கு அதையெல்லாம் கேட்கத் தெம்பில்லை. தோளும் போயிற்று, இடுப்பும் போயிற்று. அழுகை எங்கேயோ அடியில் கிடந்தது, அதை எடுக்கவும் கையில்லை. ஊர் வந்தால் போதும், காலை நீட்டினால் போதும் என்றிருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

ஊரை அடையும்போது மூன்று மணி இருக்கும். வழக்கமாக மதகடியோடு நின்றுவிடுகிற வேன் அன்றைக்குச் சேற்றில் வழுக்கி வழுக்கித் தெருவுக்குள்ளேயே வந்து அவள் வீட்டு வாசலில் நின்றது. நாற்றங்காலிலிருந்து மகன் சாமிதுரை காலெல்லாம் சேறாக ஓடிவந்தான்.

"அப்பாவுக்கு முடியல. உள்ள தூக்கு" என்றாள்.

சாமிதுரை கையைக் கொடுத்துத் தூக்கினான். தூக்கியவன் முகம் மாறிவிட்டது. மடக்கிய முழங்கால், மடக்கிய கை, சாய்ந்த தலை எல்லாம் அப்படியே, வேனில் உட்கார்ந்திருந்த மேனிக்கே அவர் வெளியே வந்தார். ரெத்தினம் ஓடிவந்து மறுபக்கம் பிடித்தான். தெரு கூடிவிட்டது. நிலைப்படியில் முழங்கால் இடித்தது. திருப்பினார்கள், முதுகு இடித்தது. உள்ளே போக மாட்டேன் என்பதுபோல் நின்றுவிட்டார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வைரக்கண்ணு வந்தார். எழுபது வயசு, இந்தத் தெருவின் அத்தனை பாடையையும் கட்டிய கை. அந்தக் கையை ஐயாவின் முழங்கால்மேல் வைத்தார். எடுக்கவில்லை. காளியம்மாள் அவரையே பார்த்தாள். இன்னொரு பொய் சொல்லலாம். காலையிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது.

அகிலாண்டத்துக்கு அப்போதுதான் விளங்கியது. முந்தானையை வாயில் வைத்தாள்.

வைரக்கண்ணு அந்த வேப்பமர நிலையை ஒரு தடவை பார்த்தார். அவருடைய குடிசையையும் பண்ணை ஆட்கள் மூன்று தடவை பிரித்தவர்கள்தான்.

"உசுரு இருக்குடா" என்றார். "குறுக்கால திருப்புங்க. முட்டி இடிக்காம, பாத்து."

திருப்பினார்கள். ஐயாவு தன் வீட்டுக்குள் போனார்.

பாயில் படுக்க வைக்க முடியவில்லை. சுவரோரமாக உட்கார வைத்தார்கள். அப்படியே சாய்ந்துகொண்டார். வாசலில் அகிலாண்டம் ஒரு விசும்பலைத் தொடங்கினாள். வைரக்கண்ணு திரும்பி அதட்டினார்.

"ஆளு இருக்கயிலயே என்ன ஒப்பாரி? எல்லாரும் வெளிய நில்லுங்க."

சாமிதுரையின் தோளைப் பிடித்து அவனையும் வெளியே அனுப்பினார். பிறகு குனிந்து, காளியம்மாளிடம் மெதுவாகக் கேட்டார்.

"எப்ப சொல்லட்டும் தங்கச்சி?"

அவள் ஐயாவைப் பார்த்தாள்.

"செத்த நேரம் இருக்கட்டும்ண்ணே."

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். காளியம்மாள் தரையில் உட்கார்ந்தாள். இடது தோளை வலது கையால் அமுக்கிவிட்டுக்கொண்டாள். பிறகு, உட்கார்ந்திருந்தவரின் காலருகில் முந்தானையை விரித்து, காலை நீட்டிப் படுத்தாள். வெளியே தெரு முழுக்கச் சாரலில் நனைந்துகொண்டு சத்தமில்லாமல் நின்றது.