ஆறு கொண்டுபோன பார்க்கிங்

அடையாற்றங்கரையில் இருக்கும் எங்கள் அபார்ட்மென்டில், மழைக்காலம் முடிந்ததும் மஞ்சள் பெயின்ட் அடிப்பது வழக்கம். ஆறு கரையைக் கொஞ்சம் தின்றிருக்கும். அசோசியேஷன் செக்ரட்டரி வேதாந்தம் மிச்ச இடத்தை அளந்து, பார்க்கிங் கோடுகளைப் பாரபட்சமில்லாமல் நெருக்கிப் போடுவார். இப்போதெல்லாம் காரை நிறுத்தலாம். கதவைத் திறந்து இறங்கத்தான் முடியாது.

இந்த வருஷம் ஆறு கோட்டை மதிக்கவில்லை. மதில் சுவரையும், அதில் மாட்டியிருந்த 'விசிட்டர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை' போர்டையும், கடைசியில் இருந்த வேதாந்தத்தின் பார்க்கிங்கையும் மொத்தமாகக் கொண்டுபோய்விட்டது. தெருவில் நிறுத்திய காரை மாடு ஒன்று சொறிந்துகொள்ளப் பயன்படுத்தியதிலிருந்து மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அங்கிள், ஆறு வளையுற இடத்துல வெளிப்பக்கம் அரிக்கும், உள்பக்கம் மண்ணைச் சேர்க்கும்," என்றாள் மூன்றாவது மாடி கீர்த்தி. கல்லூரியில் புவியியல் படிக்கிறாள். "நாம வெளிப்பக்கம்."

"பில்டர் ரிவர் வியூன்னுதானே சொன்னான்? வெளிப்பக்கம்னு சொல்லலையே!"

வேதாந்தம் எதிர்க்கரையைப் பார்த்தார். அங்கே புதிதாக ஒரு மணல்திட்டு. அதன்மேல் அக்கரைக் குப்பத்து ஆட்டோக்காரர் அம்மாசி தன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார். போன வருஷம் மழைக்கு எங்கள் கேட்டுக்குள் ஒதுங்கிய அதே ஆட்டோ. போர்டைக் காட்டி வேதாந்தம்தான் வெளியே அனுப்பினார்.

"யோவ்! அது எங்க மண்ணுய்யா!"

"இன்னா சார்?"

"எங்க காம்பவுண்டுலேர்ந்து வந்த மண்ணு!"

"அப்டியா? வந்து அள்ளிக்கினு போ சார்!"

அள்ளுவது வேதாந்தத்தின் கௌரவத்துக்கு ஒத்துவராது. மண் தன்னுடையது என்றால் பார்க்கிங்கும் அங்கேதான் இருக்கிறது. காரை எடுத்தார், பாலத்தைச் சுற்றினார், குப்பத்துச் சந்தில் நுழைந்து திட்டின் நடுவே நிறுத்தினார். கதவு முழுசாகத் திறந்தது. கண் கலங்கிவிட்டது.

அம்மாசி திட்டின் ஓரத்தைக் கை காட்டினார். வெள்ளத்தில் கரையேறிய போர்டு அங்கே மூங்கிலில் கட்டி நடப்பட்டிருந்தது. 'விசிட்டர் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. இப்படிக்கு, வேதாந்தம், செக்ரட்டரி.'

தான் போட்ட விதியை அவர் ஒருநாளும் மீறியதில்லை. மறுபடி காரில் உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்தார். சக்கரம் சுற்றியது, சீறியது, பாதிக்குமேல் மணலுக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது.

"முத்தம்மா, வந்து ஒரு கை குடு!" என்று மனைவியைக் கூப்பிட்டார் அம்மாசி. இருவரும் தள்ளினார்கள். கார் அசையவில்லை.

அம்மாசி ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"மண்ணு உன்னுதுதான் சார். அதான் வுட மாட்டேங்குது."