மல்லிகா கால் வைக்காத தண்ணி

"வர்றாளா?"

"எங்கேந்து வர்றது? வாசல்ல நின்னுகினு கீழயே பாத்துகினு கீறா."

கேட்ட பக்தவச்சலம் திரும்பிப் பார்க்காமலே கயிற்றை முழங்கையில் சுற்றி இன்னொரு தரம் இழுத்தார். கொட்டகை வாசலில் நின்ற வெள்ளைக் குதிரை மல்லிகா கழுத்தை நீட்டினாளே தவிர, காலை நீட்டவில்லை. தலையில் சிவப்புக் குஞ்சம், முதுகில் கண்ணாடி பதித்த ஜரிகைத் துணி, கழுத்தில் சலங்கை. கல்யாணத்துக்கு ஜோடித்தாயிற்று. வாசலுக்கு வெளியேதான் வினை. சந்து முழுக்கக் கறுப்பாய்த் தேங்கிக் கிடந்தது சாக்கடைத் தண்ணீர். மேலே நுரை, நுரைமேல் கொசு. பீர்க்கன்கரணை ஏரிக் காற்று கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பினால் போதும், தின்ற சோறு தொண்டைக்கு வரும்.

அந்தத் தண்ணீரில்தான் அவர் பெண்டாட்டி அம்மணி கணுக்கால் முங்க நின்று, உள்ளங்கையில் வெல்லத்தை வைத்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாடி கண்ணு. என் ராசாத்தி இல்ல?"

மல்லிகா எட்டி வெல்லத்தை வாங்கித் தின்றாள். தின்றுவிட்டு இரண்டடி பின்னால் போய்விட்டாள்.

"வாய் மட்டும் நீளுது பாரு. வேலைக்கு வர்லேன்றது இது மூணாவது தபா. இன்னிக்கும் வர்லேன்னா நாளிக்கு ஊரப்பாக்கத்தான் வண்டி எடுத்தாந்துருவான். வெல பேசிட்டேன்."

"பேசுவ, பேசுவ. அவன் ஏத்திகினு போன குதிர எதனா திரும்பி வந்து பாத்துகீறியா? அந்த வண்டி கிட்ட போனாலே ரத்தக் கவுச்சி அடிக்குது. உனக்கு மூக்கு இல்ல?"

"வேலைக்குப் போவாத குதிரைக்குக் கொள்ளு போட்டு அழுவச் சொல்றியா?"

உள்ளே போனவர் ஒரு குச்சியோடு வந்தார். அதன் நுனியில் ஆணி.

"இன்னாயா அது?"

"பொறத்தால ஒரு குத்து. தானா தாண்டுவா." சொன்னவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அம்மணி குச்சியைப் பிடுங்கி வீசினாள். அது முங்கவில்லை. மிதந்து போய் ஊறி உப்பிய ஒரு டயப்பரில் ஒட்டிக்கொண்டது.

"த்தூ! இத்தினி வருசம் உனக்குச் சோறு போட்டவளுக்கு ஆணியா? கார்த்திக மழைல இதே எடத்துல அவ கால் மூடி இல்லாத குழிக்குள்ள போச்சே, மறந்துட்டியா? தோலு உரிஞ்சு எலும்பு தெரிஞ்சுது. அடி தெரியாத தண்ணில இன்னொரு தபா எவ கால வைப்பா?"

"நீ வைக்கல? நான் வைக்கல? தெருவே வைக்குது."

அம்மணிக்குச் சுருக்கென்றது. குனிந்து தன் காலைப் பார்த்தாள். போன வருஷம் இந்தத் தண்ணீர் வரத் தொடங்கியபோது, சேலையை முழங்கால்வரை தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கடப்பாள். அப்புறம் மூச்சைப் பிடிப்பதை விட்டாள். அப்புறம் சேலையைத் தூக்குவதையும். இப்போது இதற்குள்ளேயே நின்று வெல்லம் கொடுக்கிறாள். வாயில்லா ஜீவனுக்கு அருவருப்பு இருக்கிறது, தனக்கு இல்லை. அதை நினைத்த பிறகுதான் சேலையை மறுபடி தூக்கிச் செருகினாள்.

"பக்தா! என்னப்பா, இன்னும் கிளம்பலையா?"

சந்து முனையில், ஒரு செங்கல்லின் மேல் கொக்குபோல நின்றிருந்தார் எட்மண்ட். கோட்டு, பளபளக்கும் ஷூ, மூக்கில் கர்ச்சீஃப். கொட்டகையை ஒட்டி நிற்கும் நாலு மாடி ஃப்ளாட் அவருடையது. ஈஸ்டர் முடிந்ததும் மகள் ஜீவிதாவுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். தாலி காலையில் சர்ச்சில் ஏறிவிட்டது. சாயங்காலம் இரும்புலியூர் மண்டபத்தில் ரிசப்ஷன். குதிரைமேல் வந்து இறங்கவேண்டும் என்பது பெண்ணின் ஆசை.

"பேண்ட் வந்தாச்சு, ட்ரோன்காரன் வந்தாச்சு. குதிரையைத்தான் காணோம். பாப்பா அழறா!"

"வரமாட்டேங்குது சார்," என்று இழுத்தார் பக்தவச்சலம்.

"இழுத்துட்டு வாப்பா!"

"நீங்களும் வந்து ஒரு கை புடிங்க சார்," என்றாள் அம்மணி.

"நானா? இதுலயா? ச்சீ! மனுஷன் கால் வைக்கிற மாதிரியாம்மா இருக்கு?"

"மழத் தண்ணிதான சார்."

ஃப்ளாட் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாய் அப்போதும் களக் களக்கென்று கக்கிக்கொண்டிருந்தது. செப்டிக் டேங்க் நிரம்பினால் மோட்டார் போட்டுச் சந்தில் இறைத்துவிடுவது அவர் ஏற்பாடு. அம்மணி போய்க் கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்தான்: "அது மழைத் தண்ணிம்மா." மாசியிலும் மழைத் தண்ணீர், சித்திரை வெயிலிலும் மழைத் தண்ணீர்.

"வாய மூடுமே," என்று பல்லைக் கடித்தார் பக்தவச்சலம்.

"இன்னாத்துக்கு மூடணும்? மூக்க மூடவே கை பத்தல. சார், மோட்டார நிறுத்துங்க. தரை தெரிஞ்சா அவ வருவா. இல்லாங்காட்டி பாப்பா ஆட்டோல வந்து எறங்கட்டும்."

எட்மண்ட் வாட்ச்மேனுக்குப் போன் போட்டார். வாட்ச்மேன் குரல் சந்துக்கே கேட்டது.

"நிறுத்துனா டேங்க் ரொம்பிடும் சார். நாகர்கோயில்லேர்ந்து வந்த உங்க சொந்தக்காரங்க எல்லா பாத்ரூம்லயும் இருக்காங்க. கீழ் வீட்டுல பொங்கிடும் சார்!"

"நிறுத்துடா சொல்றேன்!"

குழாய் இரண்டு முறை விக்கி அடங்கியது. தண்ணீர் மெல்ல ஏரிப் பக்கம் வடிந்தது. ஏரி செய்த பாவம். பிறகு தரை தெரிந்தது. முடிக் கற்றை, நாப்கின், கோழி எலும்பு, மாத்திரை அட்டை. நடுவில் வாயைப் பிளந்துகொண்டு குழி.

"இது மேலயா தெனமும் நடந்தோம்?" பக்தவச்சலத்தின் குரல் உள்ளே போயிருந்தது. யாரும் சொல்லாமலே துவைக்கிற கல்லைப் புரட்டிக்கொண்டு வந்து குழியை மூடினார். எதிர்வீட்டுக்காரன் கொட்டி வைத்திருந்த மணலைக் கூடை கூடையாக வாரி இறைத்தார்.

அம்மணி கயிற்றைத் தளர்த்திக் கையில் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை. குதிரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணல்மேல் நடந்தாள்.

பின்னால் ஒரு பெருமூச்சு. மூக்கைத் தரையில் வைத்து உறிஞ்சுகிற சத்தம். வெகுநேரம் ஒன்றுமில்லை. அப்புறம் சலங்கை ஒரு தரம் குலுங்கியது. இன்னொரு தரம். அம்மணி சந்து முனையில் நின்று திரும்பியபோது மல்லிகாவின் மூச்சு அவள் தோளில் சூடாகப் பட்டது.

பக்தவச்சலத்தின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு விழித்தார். அம்மணி வாங்கிக்கொண்டாள்.

"யாரு, ஊரப்பாக்கமா? குதிர வேலைக்குப் போவுது. நீ வேற எங்கனா மோந்து பாரு. வைய்யா!"

ஃப்ளாட்டின் கீழ் வீட்டிலிருந்து ஒரு பெண் அலறினாள்: "சித்தப்பா! பாத்ரூம்ல என்னமோ மேல வருது!"

எட்மண்ட் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. "சீக்கிரம், சீக்கிரம். அம்மணி, அதோட காலைக் கழுவிடு. மண்டபத்துல சிவப்புக் கார்பெட் விரிச்சிருக்கு."

அம்மணி குடிதண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தாள். ஆறிப்போன தழும்பைத் தடவிப் பார்த்து, ஒவ்வொரு குளம்பாகத் தூக்கிக் கழுவி, முந்தானையால் துடைத்தாள். கேனில் இன்னும் பாதி இருந்தது. மூடியைத் திருகினாள்.

"உன் கால்மே?" என்றார் பக்தவச்சலம்.

கணுக்கால்வரை கறுப்பாய் அப்பியிருந்தது. அம்மணி கயிற்றை எடுத்துக்கொண்டு எட்மண்டைப் பார்த்தாள்.

"கார்பெட்டு மேல நான்தான் சார் இட்டுகினு வருவேன். காஞ்சா தெரியாது. மழத் தண்ணிதான?"