டாக்டர் மலைமேல் இருக்கிறார்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. திருத்தணியிலிருந்து சென்னைக்குப் போகும் மின்சார ரயிலில், எதிர் இருக்கைக்காரர் போனில் யாருக்கோ இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒட்டுக் கேட்டேன். தப்புதான். ஆனால் அவர் பேசிய சத்தத்துக்கு அடுத்த பெட்டிக்காரர்களுக்கும் கேட்டிருக்கும். கதை சூடு பிடிக்கிற நேரத்தில் அரக்கோணம் வந்துவிட்டது. "அப்பறம் இன்னா ஆச்சு தெரியுமா..." என்று சொல்லிக்கொண்டே அவர் இறங்கிவிட்டார். ஜன்னல் கம்பியில் காதை வைத்துப் பார்த்தேன். டீ விற்கிறவரின் குரல்தான் கேட்டது.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோறு இறங்கவில்லை என்று சொன்னால் பொய். சோறு நன்றாகவே இறங்கியது. ஆனால் ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. எழுதிப் பார்த்தாலாவது என்ன ஆச்சு என்று தெரியுமா பார்ப்போம் என்று தொடங்கியிருக்கிறேன்.

அவர் சொன்னது இவ்வளவுதான்: ஆடிக் கிருத்திகை அன்று ஒரு பெண், நெஞ்சு வலிக்கிற தன் புருஷனை ஆஸ்பத்திரியிலிருந்து கிளப்பி, மஞ்சள் வேட்டி கட்டிவிட்டு, காவடிக்காரர் மாதிரி மலையேற்றப் பார்த்தாள். ஏனென்றால் டாக்டர் மலைமேல் இருந்தார்.

2

முதல் ஆரம்பம்: "ஆடி வெயில் மலையின் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு..." வேண்டாம். நெஞ்சு வலிக்காரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெயிலை வர்ணிக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது: "நமது பொது சுகாதாரத் துறையில் நிலவும் ஆள் பற்றாக்குறை என்பது கடந்த பல..." இது தலையங்கம். கோபம் நியாயமானதுதான், ஆனால் தலையங்கத்துக்கு வேர்க்காது.

மூன்றாவது: "காலையில் எழுந்தபோதே ரஞ்சிதத்துக்கு மனசு என்னவோ போல..." பொய். அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், கூழ் கரைத்தாள், எல்லா நாளையும் போலத்தான் இருந்தது.

(இப்படி நான் அடித்து அடித்து எழுதுகிற நேரமெல்லாம் அவள் புருஷன் தங்கவேல் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவரைக் காக்க வைக்கிறவர்கள் பட்டியலில் நானும் சேர்ந்துவிட்டேன். சீக்கிரம் போவோம்.)

3

ரஞ்சிதமும் தங்கவேலும் கே.ஜி.கண்டிகைக்காரர்கள். சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் கொல்லையில் கூலி வேலை. கிருத்திகை என்று களை காத்திருக்காது என்பதால் அன்றும் வேர்க்கடலைக் கொல்லைக்குப் போனார்கள். பாதி வரப்பில் தங்கவேல் களைக்கொத்தைக் கீழே போட்டுவிட்டு மாரைப் பிடித்துக்கொண்டார்.

"வாயுதான்டி. ஒரு சோடா குடிச்சா சரியாப் பூடும்."

சோடா குடித்தார். சரியாகவில்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு வேர்த்தது. ரஞ்சிதம் தன் தம்பி பிரேம்குமாருக்குப் போன் செய்தாள். அவனிடம் ஆட்டோ இருக்கிறது. அக்கா புருஷனை அந்தப் பக்கத்து வழக்கப்படி பாவா என்று கூப்பிடுவான். பாவா மேல் அவனுக்கு உயிர். பறந்து வந்து ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரியில் இறக்கினான்.

எந்த ஆஸ்பத்திரி என்று தேடாதீர்கள். இது நான் கட்டியது. பச்சைச் சுவர், முனகிக்கொண்டே சுற்றும் ஃபேன், கால் ஆடும் பெஞ்ச் எல்லாம் என் கைச்சரக்கு. வரிசையை மட்டும் நான் கற்பனை செய்யவில்லை. அதில் நீங்களும் ஒருநாள் நின்றிருப்பீர்கள்.

வரிசை வாசற்படி தாண்டி வேப்பமரம் வரை நின்றது. ரஞ்சிதம் கடைசியில் போய் நின்றாள். அவள் ரேஷன் கடையிலும் முந்தாதவள். ஆனால் திரும்பித் திரும்பிப் புருஷனைப் பார்த்ததில் பொறுமை போய்விட்டது. வரிசையை விட்டு நேராக நர்ஸ் அனுராதாவிடம் போனாள்.

"சிஸ்டர், டாக்டரு எப்பங்க வருவாரு?"

"ரெண்டு டாக்டருங்க மலைமேல கேம்ப் டூட்டிம்மா. இருக்கறது ஒரு மேடம். அவங்க தியேட்டர்ல ஒரு பிரசவத்த ஆபரேஷன் பண்ணிகினு இருக்காங்க."

"நெஞ்சு வலிங்க. ஒயரெல்லாம் ஒட்டிப் பாப்பாங்களே ஒரு மெஷினு..."

"ஈசிஜி மெஷினும் மேலதான் போயிருக்குது."

வரிசையில் ஒரு பெரியவர் வெடித்தார். "நல்லா கீதே! காவடிக்காரன் மயக்கம் போட்டா டாக்டரு, மெஷினு. ஊர்க்காரன் செத்தா வேப்பமரமா?" ஒருவர் ஜன்னல் கதவை ஓங்கித் தட்டினார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்.

"கத்துங்க," என்றாள் அனுராதா. "நேத்து வந்த டூட்டி, இன்னும் வூட்டுக்குப் போவல நான். என்னாண்ட கத்தினா டாக்டரு மொளைப்பாரா?"

(இந்த இடத்தில் அனுராதாவைக் கெட்டவளாக்கத்தான் நினைத்தேன். நமக்குத் திட்டுவதற்கு ஒரு முகம் வேண்டும் அல்லவா? போனைத் தேய்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒரு வரி எழுதினேன். ஆனால் அவள் எழுந்து வந்து தங்கவேலின் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரையை வைத்தாள், நாடியைப் பிடித்துப் பார்த்தாள், அவள் முகம் மாறியது. அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் என் கை பரபரக்கிறது.)

"இவர இப்படியே வெச்சிருக்கக் கூடாதும்மா," என்று ரஞ்சிதத்தின் காதோரம் சொன்னாள். "எங்கியாவது சீக்கிரமா டாக்டர்கிட்ட காட்டுங்க."

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நூற்றெட்டுக்கு அடிக்கவில்லையா என்று கேட்பீர்கள். அனுராதாவே அடித்தாள். வண்டி காவடிக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு, வந்துகொண்டே இருந்தது. தனியார் கிளினிக்? கிருத்திகை, ஷட்டர் இறக்கியாயிற்று. அரக்கோணம்? அந்த ரோட்டிலும் காவடிக் கூட்டம்தான்.]

4

யோசனை பிரேம்குமாருடையது.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், திட்டாத. மேல காவடிக்காரன் எவனாச்சும் வியுந்தான்னா நாலு பேரு ஓடியாறாங்க. பாவாவுக்கு மஞ்சத் துணி கட்டிடலாம்."

"சாமி பேருல பொய்யாடா?"

"நமக்கு டாக்டருதான் வேணும்னு சாமிக்குத் தெரியாதா?"

ரஞ்சிதத்துக்குக் கோபம் கோபமாக வந்தது. டாக்டர் மேலா, சாமி மேலா, காலையில் சோடா வாங்கிக் கொடுத்த தன் மேலேயா என்று அவளுக்கே விளங்கவில்லை. பயம் மட்டும் தெளிவாக இருந்தது. இந்த மனிதர் போய்விட்டால் தனக்கு வேறு ஆள் இல்லை.

மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் பக்கத்தில் ஆட்டோவை நிறுத்தி மஞ்சள் வேட்டி வாங்கி, உட்கார்ந்த மேனிக்கே தங்கவேலுக்குச் சுற்றிவிட்டார்கள். நெற்றியில் விபூதி பூசினாள். அவர் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"மொட்டையும் அடிக்கணுமா?"

அவள் சிரித்தாள். சிரித்ததும் அழுகை வந்துவிட்டது.

5

"வண்டி மேல போவாது. படியில போங்க," என்றார் மலை ரோட்டு முனையில் நின்ற போலீஸ்காரர். நெஞ்சு வலி என்று பிரேம்குமார் சொன்னான். "காலைலருந்து எல்லா ஆட்டோக்காரனும் அதான் சொல்றான்," என்றார். மஞ்சள் வேட்டியைப் பார்த்தவர் அவர்களை எப்படி நம்புவார்? டாக்டரிடம் கொண்டுசேர்க்கக் கட்டிய வேஷம் இங்கே வழியை அடைத்தது.

ரயிலில் பேசியவர் சொன்னது இதோடு சரி. "படிக்கட்டாண்ட வந்துட்டாங்கப்பா" என்றார், அரக்கோணம் வந்துவிட்டது. இனிமேல் எல்லாம் என் பொறுப்பு.

நான் இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: தங்கவேல் பிரேம்குமாரின் தோளைப் பிடித்து ஏறுகிறார், மேலே டாக்டர் ஓடி வருகிறார், பிழைக்கிறார், எல்லோரும் அரோகரா போடுகிறார்கள். படித்தால் எனக்கே கூசுகிறது. நெஞ்சு வலியோடு படியேறியதால்தான் பிழைத்தார் என்று ஆகிவிட்டால், நாளைக்கு இன்னொருவர் ஏறுவார்.

இன்னொன்று: பாதிப் படியில் அவர்... இதை ஒரு நண்பரிடம் காட்டினேன். "இதான் வெயிட்டா இருக்கு," என்றார். இருக்கட்டும். மொட்டை அடிக்கணுமா என்று கேட்ட மனிதரை, கதைக்கு வெயிட் வேண்டும் என்பதற்காக என்னால் சாகடிக்க முடியாது.

முழிக்கிறேன். அங்கே பிரேம்குமார் முதல் படியில் குனிந்து, "முதுகுல ஏறு பாவா," என்கிறான். தங்கவேல் ஒரு காலைத் தூக்கி வைக்கிறார். அவர் உதடு நீலமாக இருக்கிறது. ரஞ்சிதம் அதைப் பார்த்துவிட்டாள். அவளை நான் கொஞ்சம் அப்பாவியாக எழுதிவிட்டேன் போலிருக்கிறது; அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

"நிறுத்துடா. இவரு ஏற மாட்டாரு. குந்த வெச்சு விசிறு. டாக்டரு எறங்கட்டும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அவள் மட்டும் ஏறத் தொடங்கினாள். இது என் திட்டத்திலேயே இல்லை. அவள் பின்னால் ஓடுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

6

காவடிகளை இடித்தாள். திட்டு வாங்கினாள். கற்பூரப் புகையில் இருமினாள். அவசரமாக ஓடும் பெண்ணுக்கு ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்து ஒருவர் அரோகரா சொல்லி வழிவிட்டார். மேலே போய்விட்டால் டாக்டர் சும்மா உட்கார்ந்திருப்பார், கையைப் பிடித்து இழுத்து வந்துவிடலாம் என்று நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மருத்துவ முகாம் பந்தலுக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது.

கால் வெந்தவர்கள், மயங்கியவர்கள், வாந்தி எடுப்பவர்கள். ரஞ்சிதம் அத்தனை பேரையும் தாண்டி மேஜைக்குப் போனாள். டாக்டர் பரணிதரன் இளம் வயசு. கழுத்தில் ஸ்டெதஸ்கோப், அதற்கு மேல் ஈரத் துண்டு.

"பேஷண்ட் எங்கம்மா?"

"கீழ குந்திகினு கீறாருங்க. நெஞ்சு வலி, ஒதடெல்லாம் நீலமாயிடுச்சு. மெஷினோட எறங்கி வாங்க சார்."

"நான் எறங்கினா இங்க யாரு பாக்கறது? ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டு வரச் சொல்லலாம்னா..." திரும்பிப் பார்த்தார். "ஸ்ட்ரெச்சரும் போயிடுச்சு. இன்னொரு டாக்டர் ஒரு பேஷண்ட்ட ஏத்திகினு பின்பக்க ரோட்டுல போயிருக்காரு. அவர் வந்துடட்டும்மா."

"எப்பங்க வருவாரு?"

டாக்டர் ஈசிஜி பெட்டியைக் கையில் எடுத்தார். எழுந்தார். எழுந்தவர் வரிசையில் முதலில் நிற்கிறவரைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வரிசையில் முதலில் நிற்பது நீங்கள்தான்.

ஆமாம், நீங்கள். கீழே நின்ற வரிசையைப் பார்த்து என்னோடு சேர்ந்து கொதித்தீர்களே, அதே நீங்கள். உங்கள் தோளில் உங்கள் குழந்தை. உங்களுடையது உண்மையான வேண்டுதல், உண்மையான மஞ்சள் துணி. காலையிலிருந்து நிற்கிறீர்கள், யாரையும் முந்தவில்லை. குழந்தைக்கு உடம்பு கொதிக்கிறது. சற்றுமுன் ஒரு தரம் கண் மேலே செருகி, கை வெட்டி இழுத்தது. இன்னொரு தரம் வருமா வராதா என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, அதை நான் எழுதவில்லை.

டாக்டர் போனால், திரும்ப எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது. போகாவிட்டால் கீழே தங்கவேல். பரணிதரன் நல்லவர், ஆனால் ஒருவர்தான். அவர் உங்கள் முகத்தைப் பார்க்கிறார். நீங்கள் சரி என்றால் இறங்குவார். இல்லை என்றால் உட்காருவார்.

ரஞ்சிதம் உங்கள் பக்கம் திரும்பினாள். (காலில் விழுந்தாள் என்று எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். விழுந்தால் நீங்கள் மறுக்க முடியாது, அது அழுகுணி ஆட்டம்.) அவள் வாயைத் திறந்தாள், குழந்தையைப் பார்த்தாள், மூடிக்கொண்டாள். பிறகு புறங்கையால் அதன் நெற்றியைத் தொட்டாள்.

"ஐயோ, நெருப்பா கொதிக்குதே," என்றாள்.

கையை எடுக்கவில்லை. அவளுக்கு மூச்சு வாங்குகிறது.

"நான் இன்னான்னுங்க கேக்கறது? நீங்களே சொல்லுங்க. எதுவா இருந்தாலும் சீக்கிரமா சொல்லிடுங்க."