தகவல்: மகன் பரமலிங்கம்

அன்று காலை இணுவிலில் அண்ணையின் வீட்டு விறாந்தையில் இருந்தவர்கள்: சோமசேகரமாகிய நான், என் தங்கை மகாதேவி, அவளுடைய மகள் உதயகலா, அடுத்த வளவுப் பொன்னம்பலத்தார், திருநெல்வேலி அச்சகத்திலிருந்து கல்வெட்டின் முதற்படியைத் திருத்தக் கொண்டுவந்த பிரகாஸ். அண்ணை பரமலிங்கம் இறந்து இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருபவர்களின் கையில், கல்வெட்டு என்று நாங்கள் சொல்லும், அவருடைய வாழ்க்கையை அச்சடித்த அந்தச் சிறுபுத்தகத்தைக் கொடுக்க வேண்டும். அதை எழுதியவன் நான்.

"எழுபத்திநாலு வயசு மனிசனுக்கு ஒண்டரைப் பக்கமோ, மாமா?" என்றாள் உதயகலா. "எண்பத்தெட்டாம் ஆண்டோடை நிக்குது."

"பிறகு என்னத்தை எழுதிறது பிள்ளை? ஆமிக்காரன்ரை பேப்பருக்கு எழுதிக்குடுத்தவர் எண்டோ?" பொன்னம்பலத்தார் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

எண்பத்தெட்டில் எங்கள் ஊர்களைப் பிறநாட்டுப் படை பிடித்து வைத்திருந்தது. அவர்கள் தமிழில் நாலு பக்கப் பத்திரிகை ஒன்று அடித்தார்கள். கடைகள் திறந்திருக்கின்றன, பிள்ளைகள் சிரித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள், சனம் படைக்கு மாலை போடுகிறது. முன்பக்கத்தில் எப்போதும் அதுதான். காவலரணில் பஸ்ஸை மறித்து ஆளுக்கொன்று தருவார்கள். வாங்காமல் இருக்க முடியாது. அடுத்த மதகு வந்ததும் எல்லாம் யன்னலால் பறக்கும். மீன் சுற்றக்கூட அதை ஒருவரும் எடுக்கவில்லை.

அந்த மாசியில் எங்கள் தகப்பன், ஐயா, இறந்தார். மகாதேவி கலியாணம் முடித்துச் சாவகச்சேரியில் இருந்தாள். பாதை அடைப்பு. ஆள் அனுப்பவும் வழியில்லை. அந்தப் பத்திரிகை மட்டும் எல்லாக் காவலரணையும் தாண்டிப் போனது. மரண அறிவித்தல் அதில் வந்தது. வழக்கப்படி அடியில், தகவல் கொடுத்தவராக மூத்த மகனின் பெயர். அதற்குக் கீழே, நாங்கள் கொடுக்காத ஒரு வரியையும் அவர்கள் சேர்த்திருந்தார்கள்: இறுதிக்கிரியைக்கு உதவிய படையினருக்குக் குடும்பத்தினரின் நன்றி.

அண்ணை படிப்பித்த பள்ளிக்கூடத்து மதிலில் இரண்டாம் நாளே துரோகி என்று கரியால் எழுதியிருந்தது. வாசகசாலையில் அவர் போய் இருந்தால் மற்றவர்கள் எழும்பிவிடுவார்கள். மனைவியை முன்பே இழந்தவர், பிள்ளையும் இல்லை. முப்பத்தேழு வருடம் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்டார். பின்னேரங்களில் அவருடைய றேடியோ மட்டும் கதைக்கும். மதிலுக்கு மற்றப் பக்கம், என் வளவில் இருந்து நானும் கேட்பேன்.

"பெரியண்ணையைப் பழிக்காதேங்கோ," என்றாள் மகாதேவி. "அதைப் பாத்துத்தான் நான் எட்டாம் நாள் எட்டுச்செலவுக்காவது வந்து சேர்ந்தனான். எனக்காகத்தான் போட்டவர்."

"போட்டது சரி தங்கச்சி. நன்றி ஏன்? மாலையையும் கையோடை கொண்டுபோயிருக்கலாமே!" என்றார் பொன்னம்பலத்தார்.

பிரகாஸ் தாளைத் திருப்பினான். "ஐயா, கடைசியிலை அரைப்பக்கம் வெறுமையாக் கிடக்கு. பூப்படம் ஒண்டு போடவோ?"

அறிவித்தலை முகாமுக்குக் கொண்டுபோனவன் நான். அண்ணை அப்போது ஐயாவின் பிரேதத்தின் பக்கத்தில் இருந்தார். பத்திரிகை வந்த அன்று அதை மடித்துக் கையில் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"நீயோ குடுத்தனி?"

"ஓம் அண்ணை."

"உனக்கு மானிப்பாயிலை சம்பந்தம் முற்றாயிருக்கு. எனக்கு இனி என்ன? இதைப்பற்றி ஒருத்தரோடையும் கதையாதை."

கதைக்கவில்லை. பெண் பகுதி ஒரு நிபந்தனை வைத்தது. அண்ணையோடு போக்குவரத்து, கொண்டாட்டம் ஒன்றும் இருக்கக்கூடாது. இரண்டு வளவுக்கும் நடுவே இருந்த கதியால் வேலியைப் பிடுங்கி மதில் கட்டினேன். அண்ணன் சொல் தட்டாதவன் என்று மனத்துக்குள் என்னை நானே மெச்சிக்கொண்டேன். குடும்ப மானத்தைக் காத்தவன் என்று ஊர் என்னை மெச்சியது. அண்ணையின் பெயரைக் காக்க இனி இருப்பது இந்த அரைப்பக்கம்தான். அந்தியேட்டியோடு அதுவும் போய்விடும்.

"பூப்படம் வேண்டாம் தம்பி. நான் சொல்லிறதை எழுதும்," என்றேன். அறிவித்தலைக் கொடுத்தது யார் என்று சொன்னேன்.

பொன்னம்பலத்தார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "சோமசேகரம், உமக்கென்ன விசரோ? சாருஜாவுக்கு மாப்பிள்ளை பாக்கிற நேரம். மகளின்ரை வாழ்க்கையை யோசியும்."

"அண்டைக்கும் ஒரு கலியாணத்தைத்தான் யோசிச்சனாங்கள்," என்றேன்.

மகாதேவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "முப்பத்தேழு வருசம், சின்னண்ணை," என்றாள். பிறகு எழும்பி உள்ளே போனாள். உதயகலாவும் தாயின் பின்னால் போனாள். பொன்னம்பலத்தார் செருப்பைத் தேடினார். விறாந்தையில் நானும் பிரகாஸும் மிஞ்சினோம்.

"இப்பிடியே போடவோ, ஐயா?"

"ஓம். ஒரு சொல்லும் மாத்தாதையும்."

கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

1988 மாசி மாதம் படையினரின் பத்திரிகையில் வந்த மரண அறிவித்தலைக் கொடுத்தவர் பரமலிங்கம் அல்லர். அவருக்குத் தெரியாமல் அவர் பெயரில் கொடுத்தவர் தம்பி சோமசேகரம். அதிலிருந்த நன்றி வரியை எங்கள் வீட்டில் ஒருவரும் எழுதவில்லை.