மாப்பிள்ளை ஏறிய கோட்டைகள்

என்னைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வரவில்லை, அவருடைய வீடியோக் கேசட்தான் வந்தது. 1997ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, மாப்பிள்ளை றம்ஸீனின் மூத்த சகோதரி சுபைறா ராத்தா தன்னுடைய ரீவி, டெக், கணவர் காலிதீன் மூன்றையும் ஒரே வேனில் ஏற்றிக்கொண்டு கல்முனையில் எங்கள் வாசலில் வந்து இறங்கினார். டெக்கை அவரே மடியில் வைத்திருந்தார். ரீவியைத் தூக்கும் பொறுப்பு காலிதீனுக்கு.

எங்கள் வீடு என்று நான் சொல்வது பின்னால் இருக்கும் இரண்டு அறைகளை. முன்பக்கம் தொண்ணூறாம் ஆண்டுத் தமிழ்-முஸ்லிம் கலவரத்தில் எரிந்தது. கூரை போய்விட்டது, சுவர் நிற்கிறது. மாரி மழையில் முன் ஹோலில் புல் முளைக்கும், எங்கள் ஆடு அதைத் தின்னும். பின் அறைகளுக்கு வாப்பா தகரம் போட்டார். ஏழு வருஷமாக அதற்குக் கீழேதான் சமையல், படுக்கை, தொழுகை எல்லாம்.

றம்ஸீன் ஐந்து வருஷமாக ஜெர்மனியில். ஓடன்வால்ட் என்று மலையும் காடுமான ஒரு பகுதி. அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் பாத்திரம் கழுவத் தொடங்கி, கிழங்கு உரிக்கும் நிலைக்கு உயர்ந்தவர். ராத்தா அதை ‘ஹோட்டல் துறை’ என்பார். லீவு நாட்களில் மாப்பிள்ளை கோட்டை பார்க்கப் போவாராம். சும்மா ஊர் சுற்றுகிற பொடியன் இல்லை, சரித்திரம் பார்க்கிற பொடியன் என்பது எங்களுக்கு விளங்க வேண்டும் என்றுதான் இந்தக் கேசட்.

வாப்பா கதிரையில் இருந்தார், உம்மா பாயில் இருந்தார். நான் முறைப்படி குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். கதவில் ஒரு பலகை இல்லை. அதனால் எல்லாரையும்விட எனக்குத்தான் படம் நன்றாகத் தெரிந்தது.

முதலில் மரங்கள் வந்தன. பிறகும் மரங்கள்தான் வந்தன. “நம்மட காடு மாதிரி இல்ல காக்கா, கழுவித் துடைச்ச காடு” என்று வாப்பாவை அண்ணன் முறையில் கூப்பிட்டுச் சொன்னார் ராத்தா.

“யானை வராதா?” என்று வாப்பா கேட்டார்.

“அங்க யானைய விட மாட்டாங்க.”

கடைசியில் கோட்டை வந்தது. நான் தொங்குவிளக்கும் சிவப்புக் கம்பளமும் எதிர்பார்த்திருந்தேன். வந்தது ஒரு சுவர். அதில் ஒரு ஜன்னல் ஓட்டை, ஓட்டைக்குப் பின்னால் வானம். சுவருக்கு முன்னால் கறுப்பு ஜக்கெட்டோடு றம்ஸீன் நின்று, ஸலாம் சொல்லி, “இது எண்ணூறு வருஷத்துக் கோட்ட” என்றார். கோட்டையைத் தானே கட்டியது போல் ஒரு கையை அதன்மேல் வைத்திருந்தார். “மச்சான், கொஞ்சம் இடப்பக்கம் நில்லு” என்று கமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது பக்கத்துத் தமிழ் ஊரான காரைதீவுக் குணமாம். இரண்டு பேரும் அங்கே ஒரே அறையில் இருக்கிறார்களாம், ஒரே சட்டியில் சமைக்கிறார்களாம். இங்கே எங்கள் ஊர்க்காரரும் காரைதீவு ஊர்க்காரரும் ஒரு பஸ்ஸில் ஏறினால் ஆளை ஆள் பார்ப்பதில்லை. ஒற்றுமையாக வாழ்வதற்கு விசா தேவைப்படுகிறது.

இரண்டாவது கோட்டையில் சுவர்கூடச் சரியாக இல்லை, ஒரு கோபுரம் மட்டும்தான். றம்ஸீன் அதில் ஏறினார். நூற்றுப் பன்னிரண்டு படி. நாங்களும் கூடவே ஏறினோம், கமரா ஆடிய ஆட்டத்தில் உம்மாவுக்குத் தலை சுற்றியது. மேலே போய்ப் பார்த்தால் மறுபடியும் மரங்கள். மூன்றாவது கோட்டையில் ஒரு கிணறு இருந்தது. மாப்பிள்ளை அதற்குள் ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். தண்ணீர் இல்லை. “சுப்ஹானல்லாஹ்” என்றார் ராத்தா, எதற்கென்று தெரியவில்லை.

நான்காவதில் மூன்று சுவர், கூரை இல்லை, உள்ளே புல். வாப்பா கதிரையின் நுனிக்கு வந்தார்.

“இது எந்தக் கலவரத்தில எரிஞ்ச?”

“கலவரம் இல்ல காக்கா. அந்தக் காலத்து ராசாக்கள்ற சண்ட.”

“அப்ப, இன்னும் நஷ்டஈடு குடுக்கல்லயா?”

ராத்தாவின் முகம் மாறிவிட்டது. வாப்பா கிண்டல் செய்யவில்லை. கிண்டல் செய்யத் தெரிந்த மனிதரும் இல்லை. எரிந்த வீட்டுக்காக நான்கு தரம் படிவம் நிரப்பியவர். நான்கையும் அரசாங்கக் கந்தோரில் வாங்கி வைத்துக்கொண்டு, ஐந்தாவதை நிரப்பச் சொல்லியிருந்தார்கள். எண்ணூறு வருஷமாக அந்த மனிதர்களுக்கு ஒரு பதிலும் வரவில்லையே என்று அவர் உண்மையாகவே இரக்கப்பட்டார்.

“இதப் பாக்கிறதுக்கு அங்க டிக்கெட் எடுக்கணும்” என்றார் காலிதீன், வந்ததிலிருந்து முதல் தடவையாக வாய் திறந்து. “ஒரு கல்லத் தூக்கினாலும் தண்டம் அடிப்பாங்க.”

கேசட் முடியும் நேரம். கமரா நின்றுவிட்டது என்று நினைத்திருப்பார் போல. றம்ஸீன் உடைந்த சுவரில் உட்கார்ந்து பாணைப் பிய்த்துத் தின்றார். குளிரில் மூக்கு சிவந்திருந்தது. “குணம், இதுக்குள்ள வந்து இரிந்தா ஊர் ஞாபகம் வருது. நம்மட வீடுகளும் இப்பிடித்தானே கிடக்கு” என்றார். ராத்தா பாய்ந்து டெக்கை நிறுத்தினார்.

எனக்கு அவரை அந்த இடத்தில்தான் பிடித்தது. மறைக்க என்ன இருக்கிறது? இவ்வளவு நேரமும் கோட்டைக்குச் சொந்தக்காரன் மாதிரி நின்ற மனிதன், பாணோடு உட்கார்ந்தவுடன் எங்கள் ஊர்ப் பொடியனாகிவிட்டார். இவரைக் கட்டினால் கதைத்துக்கொண்டு இருக்கலாம் என்று நினைத்தேன். இந்தச் சம்பந்தம் சரிவர வேண்டும் என்று அந்த இடத்திலேயே மனதுக்குள் துஆவும் கேட்டேன்.

பிறகு ராத்தா வீடு பார்க்க எழுந்தார். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்குக் குடிவருவார். அந்த வீட்டைப் பெண்வீட்டார் கொடுக்க வேண்டும். முன் ஹோலில் நின்று ராத்தா அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். காலிதீன் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். எங்கள் ஆடு இரண்டு பேரையும் பார்த்தது. சற்றுமுன் இதேபோன்ற நான்கு இடங்களைப் பார்த்து வாயைப் பிளந்த குடும்பம் இது. அங்கே டிக்கெட், இங்கே இலவசம், அதனால்தான் மதிப்பில்லை.

“இந்தச் சுவரெல்லாம் இடிச்சுப் போடணும் காக்கா. புதிசாக் கட்டி, மேல்வீடும் எடுக்கணும். ஜெர்மனி மாப்பிள்ள தகரத்துக்குக் கீழயா படுப்பாரு?”

“எங்கள்ட்ட மூணு ஏக்கர் வயல் மட்டும்தானே இரிக்கு தங்கச்சி” என்றார் வாப்பா.

“அத வித்தாக் காசு காணும். வெளியாள் ஒருத்தரையும் தேடி அலைய வேணாம், நம்மட இவரே எடுப்பாரு. எப்பிடியும் எங்கட வயலோட ஒட்டித்தானே கிடக்கு.”

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எங்கள் வயல் வாய்க்கால் தலைப்பில் இருக்கிறது. காலிதீனுடையது அதற்குக் கீழே. ஒவ்வொரு போகமும் எங்கள் வயல் குடித்து மிஞ்சிய தண்ணீர்தான் அவருக்கு. நூற்றுப் பன்னிரண்டு படி ஏறவைத்து எங்களைக் கொண்டுவந்து சேர்த்த இடம் இந்த வாய்க்கால்தான். கோட்டையைக் காட்டி வயலைப் பிடிக்கும் இந்த வித்தை அந்தக் காலத்து ராசாக்களுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

வாப்பா தலையைக் குனிந்துகொண்டு, “புள்ளைக்கு வயசு போகுது. அப்பிடியே செய்வம்” என்றார்.

நான் வாய் திறந்திருக்கலாம், திறக்கவில்லை. வயல் போனால் வாப்பா யாருடைய வயலில் கூலிக்கு இறங்குவார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்தப் பாண் தின்ற முகத்தை நினைத்துக்கொண்டு பேசாமல் நின்றேன். அந்த நேரம் எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

உம்மா தேத்தண்ணித் தட்டோடு வந்தார். ஆளுக்கு ஒரு கோப்பையைக் கொடுத்து, சீனி போதுமா என்று கேட்டார். அதற்குப் பிறகு, “காணி என்ட உம்மா எனக்குத் தந்த சீதனம். உறுதிப் பத்திரம் என்ட பேர்ல. ஒருத்தரும் என்னட்டக் கேக்கல்லயே” என்றார்.

சுபைறா ராத்தா உம்மாவைப் பார்த்துச் சிரித்தார். “அதுக்கென்ன ராத்தா, நீங்க ஒரு கையெழுத்து வைச்சாச் சரி.”

“வைக்க மாட்டன்.”

காலிதீன் கோப்பையை வைத்துவிட்டு ரீவியின் வயரைக் கழற்றினார். டெக் மடியிலும் ரீவி பின்னாலும் வேன் திரும்பிப் போனது. அடுத்த நாளே கலியாணப் புரோக்கர் வந்து சம்பந்தம் முறிந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். காணி மிஞ்சியது உம்மாவுக்கு, மாப்பிள்ளை போனது எனக்கு என்று நான் மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை. அழுதேன், அதையும் உம்மாவுக்குக் கேட்கும்படி அழுதேன். உம்மா சமாதானம் சொல்ல வரவில்லை.

நான்காம் நாள் காலையில், “சாறிய மாத்திக்கிட்டு வா” என்று என்னை முனாப் நொத்தாரிசுவிடம் கூட்டிக்கொண்டு போனார். பழைய உறுதியை மேசையில் வைத்து, மூன்று ஏக்கரையும் மகள் பெயருக்கு எழுதச் சொன்னார். முனாப் ஐம்பது வருஷமாகச் சீதன உறுதி எழுதுகிறவர். பேனையைத் திறந்துகொண்டு வழக்கம்போல, “மாப்பிள்ளைட பேரச் சொல்லுங்க” என்றார்.

“மாப்பிள்ள இல்ல” என்றார் உம்மா. “காணி இரிக்கு, புள்ள இரிக்காள். எழுதுங்க.”