வராத பல்லுக்குக் கொழுக்கட்டை

கண்ணம்மாள் பொய் சொல்லிவிட்டாள். குழந்தைக்குப் பல் வந்துவிட்டதாம். நாக்குக் கூசவில்லையா என்றால், கூசத்தான் செய்தது. ஒன்றரை வயசாகியும் பொக்கை வாயோடு இருக்கிற பெண் குழந்தையைப் பாப்பாரப்பட்டித் தெரு எத்தனை நாளைக்குத்தான் சும்மா விடும்? ஈறு இரண்டும் வாயை மூடவிடாமல் தடித்துக் கிடந்தன. நெற்றியிலும் முதுகிலும் கருகருவென்று முடி. பூனைமுடிதான், உதிர்ந்துவிடும் என்று மாமியார் தீர்த்தம்மாள் கடலைமாவு போட்டுத் தேய்த்துத் தேய்த்து ஓய்ந்துபோனாள். எந்த வம்சத்துப் பீடையோ என்று அவள் முனகும்போதெல்லாம் கண்ணம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

போகாமல் என்ன செய்வாள்? அவளுக்கும் இதேதான். கல்யாணத்துக்கு முன்னால் சேலம் ஆஸ்பத்திரியில் ஈறை அறுத்துச் சரிசெய்து, அப்பன் மூச்சுவிடாமல் கட்டிக்கொடுத்துவிட்டார். கை முடியை, புருஷன் காளியப்பன் காட்டு வேலைக்குப் போனபிறகு அவனுடைய பிளேடாலேயே மழித்துக்கொள்வாள்.

மாமியார் பூரித்துப்போய் அன்றைக்கே பல் கொழுக்கட்டை அவித்துத் தெருப் பெண்களைக் கூப்பிடுவாள் என்று அவள் எங்கே கண்டாள்? குழந்தையை நடுவில் உட்காரவைத்துத் தலையில் கொழுக்கட்டையைக் கொட்டினார்கள். எல்லாரும் பொறுக்கித் தின்றார்கள். சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற நஞ்சம்மாள், பல்லைக் காட்டு சாமி என்று கொஞ்சிக்கொண்டே குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள். பல்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

முகம் செத்துப்போன தீர்த்தம்மாளுக்கு நஞ்சம்மாளே வழியும் சொன்னாள். பல் உள்ளே முட்டிக்கொண்டு நிற்கிறது, நெல்முனையால் ஈறைக் கீறிவிட்டால் வெளியே வந்துவிடும் என்றாள். தீர்த்தம்மாள் உள்ளே போய் நெல் எடுத்துவந்தாள். நஞ்சம்மாள் தாடையை அழுத்திப் பிடிக்க, குழந்தை வீறிட்டது. அந்த ஈறைக் கீறினால் ரத்தம் எப்படிக் கொட்டும் என்று அங்கே கண்ணம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் வாழ்க்கையே போச்சு என்பதும் தெரியும்.

பாய்ந்து போய் நெல்லைத் தட்டிவிட்டாள்.

“வேணாங்க அத்தை. அந்தப் பீடை என்னுதுதாங்க. எனக்கும் இப்பிடித்தான் ஈறு மூடியிருந்துச்சு. சேலத்துல மயக்கம் குடுத்துத்தான் அறுத்தாங்க.”

ரவிக்கைக் கையைச் சுருட்டி, முளைவிட்டிருந்த முடியையும் காட்டினாள்.

பெண்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தீர்த்தம்மாள் சிதறிக்கிடந்த நெல்லைப் பொறுக்கி எடுத்தாள். பிறகு, காளியப்பனுக்குத் தெரியுமா என்று கேட்டாள். கண்ணம்மாள் இல்லையென்று தலையாட்டினாள்.

“துணிமணிய எடுத்து வையி.”

இதற்குத்தானே கண்ணம்மாள் இத்தனை நாளும் பயந்து செத்தாள். பிள்ளையோடு அனுப்புவார்களா, பிடுங்கிக்கொண்டு அனுப்புவார்களா என்பதுதான் தெரியவில்லை. பெட்டியை இழுத்துப் புடவையை மடித்து வைத்தாள்.

“எம் பொடவையும் ஒண்ணு வையி. வெடிஞ்சதும் சேலம் போலாம்” என்றாள் தீர்த்தம்மாள். “நீ மறச்சதுக்கு உன்ன நான் சும்மா வுட்டுருவேன்னு மட்டும் நெனைக்காத. எம் பேத்திக்குப் பல்லு வரட்டும், அப்பறம் பேசிக்கறேன்.”